பெட்டி வண்டியின் அடித்தகடு

"படிச்ச புள்ளைக்கு வண்டிக்கு அடியில என்னத்தைங்க தெரியப்போவுது?" என்றார் மெக்கானிக்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னார். நான் இரண்டடி தள்ளி, தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டிக்கு அடியில் நுழையத் தயாராக நின்றிருந்தேன். டாக்டரம்மா "அவளுக்குத் தெரியும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஏற்காட்டில் ஒரு சின்ன தரும ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. ஆஸ்பத்திரிக்கு ஒரு டிரெய்லர் இருந்தது. வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி இருவர் அதைத் தங்கள் ஜீப்புக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு, அதிலேயே சமைத்து அதிலேயே தூங்கி, பல தேசங்களைத் தாண்டி வந்தவர்கள். மலைக்கு வந்த இடத்தில் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு, எங்கள் ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்தார். விமானத்தில் ஊர் திரும்பும்போது டிரெய்லரை ஆஸ்பத்திரிக்கே விட்டுப் போனார்கள். உள்ளே ஒரு கட்டில், தண்ணீர்க் குழாயோடு ஒரு தொட்டி, சுவரெல்லாம் அலமாரி. கட்டிலில் நோயாளியைப் படுக்கவைத்தோம். தொட்டியில் ஊசிக் குழல்களைக் கழுவினோம். அலமாரியில் மருந்து. கிளியூர் ஒரு நாள், செம்மநத்தம் ஒரு நாள் என்று ஆஸ்பத்திரி ஜீப் அதை இழுத்துக்கொண்டு போகும். மலை ஜனங்கள் அதைப் பெட்டி வண்டி என்றார்கள்.

பெட்டி வண்டியில் போவது மூன்று பேர். டாக்டரம்மா, டிரைவர், நான். சீட்டு எழுதுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கடைசியில் வண்டியைக் கழுவி விடுவது என் வேலை. செம்மநத்தம் என் சொந்த ஊர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்தாவது முடித்து, சேலத்தில் ஒரு வருடப் பயிற்சியும் முடித்தவள். இதை நான் யாரிடமும் அடக்கமாகச் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் சந்தேகப்படுகிறவள். என் அப்பா யாரோ நீட்டிய காகிதத்தில் பெருவிரலை ஒற்றிக்கொடுத்துவிட்டு, எங்கள் காட்டு நிலத்தில் ஒரு துண்டை இழந்தவர். காகிதத்தில் என்ன இருந்தது என்று ஆறு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதனால் யார் சிரித்துக்கொண்டு பேசினாலும் எனக்கு முதலில் அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும்.

ஒரு மார்கழிச் சனிக்கிழமை. செம்மநத்தம் முகாம் முடிந்து மாலை நாலு மணி சுமாருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா அன்று சேலத்துக்குப் போயிருந்தார். மற்ற நாட்களில் அவரும் என்னோடு பெட்டி வண்டிக்குள்தான் வருவார். டிரைவர் எப்போதும்போல் ஜீப்பில் தனியாக ஓட்டினார். நான் பின்னால் பெட்டி வண்டிக்குள் கட்டிலில் உட்கார்ந்து சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்தேன். யாராவது கேட்டிருந்தால் தூசிக்காக என்று சொல்லியிருப்பேன்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி மெத்தையில் ஏறியது போல ஒரு கணம் மிருதுவாக ஓடியது. உடனே காலுக்கு அடியில் 'டமார்' என்று ஒரு சத்தம். இரும்பை இழுத்துக் கிழிக்கிற சத்தம் தொடர்ந்தது. தொட்டிக்குக் கீழே ஏதோ முறிந்தது. நான் கட்டிலிலிருந்து முழங்காலில் விழுந்தேன். வண்டி இன்னும் சிறிது ஓடி நின்றது. டிரைவர் இறங்கிக் குனிந்து பார்த்தது ஜன்னல் திரையில் நிழலாகத் தெரிந்தது. நான் கதவைத் திறப்பதற்குள் அவரே கதவருகே வந்துவிட்டார்.

"ஒண்ணுமில்லை கண்ணு. கல்லு தெறிச்சுப்போச்சு. நீ உள்ளயே இரு, இருட்டறதுக்குள்ள போயிரலாம்."

கதவை அவரே வெளியிலிருந்து சாத்தினார். அவர் அப்படிச் சாத்தியது அதற்கு முன் ஒரு நாளும் இல்லை. இதையும், வண்டி மறுபடி கிளம்பக் கொஞ்ச நேரம் ஆனதையும் அன்றே குறித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பெட்டி வண்டியைத் திறந்தபோது தரையில் கால் வைக்க முடியவில்லை. தொட்டிக்குக் கீழே தண்ணீர் தேங்கி, கீழ் அலமாரியில் இருந்த பஞ்சு மூட்டைகள் நனைந்து ஊறியிருந்தன. வெளியே வந்து தரையில் கையூன்றிக் குனிந்து பார்த்தேன். அந்த வண்டிக்கு அடியில் தகடு ஒன்று முழுதுமாக மூடியிருக்கும். அது ஒரு முழ அகலத்துக்குக் கிழிந்து, வாழையிலை காற்றில் கிழிந்ததுபோல் தொங்கியது. உள்ளேயிருந்து மஞ்சள் பஞ்சு ஒன்று வெளியே பிதுங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. வண்டியை வழக்கத்துக்கு மாறாக, கிழிந்த பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி நிறுத்தியிருந்தார் டிரைவர்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். டிரைவரைக் கூப்பிட்டார்.

"எப்படி ஆச்சு?"

"பழைய வண்டிங்கம்மா. தகடு இத்துப்போயிருந்துதுங்க. தானா உட்டுக்கிச்சு."

சனிக்கிழமை கல் தெறித்தது. திங்கட்கிழமை தகடு தானாக விட்டுக்கொண்டது. நான் இரண்டையும் கேட்டவள். அவர் என்னைப் பார்க்காமல் ஜீப்பின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

செவ்வாய்க்கிழமை பெட்டி வண்டியை மெள்ள இழுத்துக்கொண்டு ஊர்க்கோடியில் இருந்த பட்டறைக்குப் போனோம். எஸ்டேட் லாரிகளையும் டிராக்டர்களையும் பார்க்கிற பட்டறை. மெக்கானிக் ஒரு சாக்கை விரித்து மல்லாந்து படுத்து அடியில் போனார். டார்ச்சால் அங்கங்கே தட்டினார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "மேலேயிருந்து தண்ணி எறங்கி பலகை ஊறிப்போச்சுங்கம்மா. டெய்லி தண்ணி ஊத்திக் கழுவறாங்கல்ல? அதான். பாரம் தாங்காம தகடு கிழிஞ்சிருக்குது. லாரித் தகரம் ஒண்ணு இருக்குது, மேலாப்புல வெச்சு அடிச்சு, தார் பூசி உட்டர்றேன். நாளைக்கே எடுத்துக்கலாம்" என்றார்.

தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவள் நான்தான்.

அப்போதுதான் நானும் அடியில் போய்ப் பார்க்கிறேன் என்றேன். மெக்கானிக் 'படிச்ச புள்ளைக்கு' என்று அந்த வார்த்தையைச் சொன்னார். டிரைவர் ஓரமாக நின்று பீடி பற்றவைத்துக்கொண்டு, "ரைட்டரம்மா பேனாவை எடுத்துக்கிட்டு அடியில போகட்டும். எழுதறதுக்கு நெறைய இருக்குது" என்றார். மெக்கானிக் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவர்கள் இருவரும் ஏற்கெனவே பேசிவைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறுதியானது. முந்தைய நாள் மாலை டிரைவர் பட்டறைப் பக்கமிருந்து நடந்து வந்ததை நான் பார்த்திருந்தேன்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "எனக்கு யார் மேலயும் கோபம் இல்லை. ஆனா யார் கவனக்குறைவுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். வண்டிக்குள்ள பிரசவமே பார்த்திருக்கோம். அடிப்பலகை விட்டுப்போனா என்ன ஆகும்? தப்பு யாருதோ, அவங்க இனிமே இந்த வண்டியில வர வேண்டாம்."

அதாவது நான், அல்லது டிரைவர். வேறு ஆள் இல்லை.

அந்த வேலை போனால் எனக்கு என்ன மிச்சம் என்று யோசித்தேன். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிற பெண்கள் என்னைப் பார்த்து, "படிச்சு என்ன கண்டே?" என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் கேட்டதாகவே எனக்குத் தோன்றும். அன்று மாலை என் அறையில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். சனிக்கிழமை எத்தனை மணிக்குச் சத்தம் கேட்டது, டிரைவர் அப்போது என்ன சொன்னார், திங்கட்கிழமை என்ன சொன்னார், வண்டியை எந்தப் பக்கம் நிறுத்தினார், யாரைப் பார்க்கப் போனார். அடித்தல் திருத்தல் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்தில். கடைசி வரியில், டிரைவர் கவனமில்லாமல் ஓட்டி வண்டியைக் கல்லில் மோதவிட்டு, அதை மறைக்கிறார் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். புதன்கிழமை காலை டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அன்று மத்தியானமே, விஷயம் தெளிவாகும்வரை ஜீப்பைத் தொட வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார்.

அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அதையும் நான் குற்றத்தின் அடையாளமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மெக்கானிக் மேலும் ஒரு சந்தேகத்தைக் கொடுத்தார். ஏன் அவ்வளவு அவசரமாகத் தகரத்தை வைத்து மூடப் பார்க்கிறார்? வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ஒரு புத்தகம் வண்டியின் மேல் அலமாரியில் இருந்தது. வண்டியை எப்படிப் பராமரிப்பது என்று படங்களோடு ஆங்கிலத்தில் போட்டது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடிப்பகுதி பற்றிய மூன்று பக்கத்தை ஒரு மாலை முழுதும் படித்தேன். பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில் குளிர் ஏறாமல் இருக்கக் கண்ணாடிப் பஞ்சு வைத்திருக்கிறார்கள். அது நனைந்தால் பிடுங்கி எறிய வேண்டும். பலகை நன்றாகக் காயாமல் தகட்டை மூடினால் உள்ளேயே புழுங்கி மக்கிவிடும். மெக்கானிக் செய்யப் பார்த்தது அதைத்தான்.

வியாழக்கிழமை காலை, அவர் தகரத்தை அடிப்பதற்குள், புத்தகத்தோடு டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் படங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல வெயிலுன்னு போட்டிருக்குதுங்களா? இங்க மார்கழியில வெயிலுக்கு எங்கீங்க போறது? பனி எறங்குனா மத்தியானம் வரைக்கும் எதுத்த மரம் தெரியறதில்லை."

"கெடைக்கிற வெயில்ல காயட்டுங்க. நாலு நாள் ஆனாலும் ஆகட்டும். பலகை நனைஞ்சிருக்க மூடக்கூடாது" என்றேன்.

"கரி அடுப்பை மூட்டி அடியில தள்ளுனா ஒரு மணி நேரத்துல காஞ்சிரும்."

"வண்டியும் எரிஞ்சிரும்."

டாக்டரம்மா புத்தகத்தை வாங்கி ஒரு பக்கம் படித்தார். "அவ சொல்றபடி செய்யுங்க" என்றார். இரண்டு நாள் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, நான்கு மூலைக்கும் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். டிரைவரும் வந்திருந்தார். வேலை இல்லாதவர் எதற்கு வந்தார் என்று எனக்குப் பிடிக்கவில்லை. கட்டையைச் சரியாக வைக்கச் சொல்லி அதட்டிக்கொண்டு, நடுவில் என்னைப் பார்த்து, "சேலையைப் பார்த்துக்க கண்ணு, கிரீஸ் ஒட்டுனா போவாது" என்றார்.

பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு சாக்கில் மல்லாந்து அடியில் போனேன். முகத்துக்கு ஒரு சாண் உயரத்தில் வண்டியின் வயிறு. மெக்கானிக் ஓர் ஓரத்திலிருந்து திருகாணிகளைக் கழற்ற, நான் கிழிந்த தகட்டைத் தாங்கிக்கொண்டேன். நனைந்த பஞ்சு கழுத்தில் விழுந்து அரித்தது. தகடு கீழே வந்ததும் பலகை தெரிந்தது. திருப்புளியால் குத்திப் பார்த்தேன். ஊறிப்போன பலகையாக இருந்தால் திருப்புளி சோற்றில் இறங்குவதுபோல் இறங்கும். இங்கே இறங்கவில்லை. பலகை கறுத்திருக்கவும் இல்லை. ஒரே இடத்தில் மட்டும் கீழேயிருந்து மேலே குத்துப்பட்டு, வெள்ளை வெளேரென்று புதுச் சிலாம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. தொட்டியிலிருந்து வருகிற குழாய் அந்த இடத்தில் முறிந்திருந்தது. தண்ணீர் வந்தது அதன் வழியாகத்தான். தகட்டின் கீறல் முன்னாலிருந்து பின்னால் ஓடியது. பின்விளக்குக்குப் போகிற ஒயரும் அறுந்திருந்தது.

"இங்க வந்து பாருங்க, பலகை மேலேயிருந்து ஊறினதா, கீழேயிருந்து அடிபட்டதான்னு" என்றேன்.

மெக்கானிக் தலையை நீட்டிப் பார்த்தார். "அடிதானுங்க" என்றார். "அன்னிக்கு டார்ச்சுல சரியாத் தெரியலை."

நான் கழுவியதால் கெடவில்லை என்று நிரூபித்தாகிவிட்டது. வெளியே வந்து டாக்டரம்மாவிடம் சொல்லவேண்டியதுதான். அந்த நேரம் தகட்டின் கிழிந்த விளிம்பு மடங்கியிருந்த இடத்தில் ஏதோ சிக்கியிருப்பதைப் பார்த்தேன். இழுத்தேன். ஒரு பிடி ராகித் தாள். காய்ந்த தண்டின் நுனியில் கதிர்க் கருதுகள் இருந்தன. விரல்களை மடக்கிய கை மாதிரி அந்தக் கருதுகள் என் உள்ளங்கையில் கிடந்தன.

வெளியே வந்து டிரைவரிடம் காட்டினேன். "இது எப்படிங்கண்ணா வந்துது?"

"ரோட்டுல எத்தனையோ கெடக்குது கண்ணு. சக்கரத்துல சுத்தியிருக்கும்."

"சக்கரத்துல இல்லை. கிழிஞ்ச எடத்துல இருந்துது."

"அப்ப காத்துல வந்திருக்கும்" என்றவர், அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி மூலையில் போட்டார். ரொம்ப இயல்பாகப் போட்டார். அவர் திரும்பியதும் நான் அதை எடுத்துத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

பலகை காய வேண்டியிருந்ததால் அந்தச் சனிக்கிழமை முகாம் இல்லை. நான் ஊருக்குக் கிளம்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது வழி முழுதும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கள் ஊருக்குத் தார் ரோடு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதுவும் ஒரு ஜீப் போனால் எதிரே இன்னொன்று ஒதுங்க இடம் தேட வேண்டிய ரோடு. ராகி எங்கேயாவது பரப்பியிருக்கிறதா என்று தேடினேன். மற்றவர்கள் அறுவடை முடித்துக் கருதைப் போர் போட்டுவிட்டார்கள். எங்கும் இல்லை. எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற வளைவில் மட்டும் ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ராகித் தாள் தடிமனாகப் பரப்பியிருந்தது. பக்கத்தில் அம்மா, கையில் துடைப்பத்தோடு.

"வந்துட்டியா சாமி! எங்க உன்ற வண்டி?" என்றாள். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "வெள்ளெனயே பரப்பிப் போட்டுட்டு உக்காந்திருக்கறேன், இன்னும் காணோமேன்னு."

"எதுக்கும்மா ரோட்டுல போட்டிருக்கறே?"

"எதுக்காவா? வண்டி ஏறட்டும்னுதான். சர்க்காரு இம்புட்டு நல்ல களம் போட்டுக் குடுத்திருக்குது. எஸ்டேட் ஜீப்புக்கு நாலு சக்கரம், சும்மா வந்து சும்மா போவுது. உன்ற வண்டி அப்பிடியா? முன்னால நாலு, பின்னால ரெண்டு. ஒருவாட்டி போனாப் போதும், பாதி உதிர்ந்துரும். ஊருக்கே சொல்லிட்டேன், என்ற புள்ளையோட வண்டிதான் எங்களுக்குப் போரடிக்குதுன்னு."

ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தனை வாரமா?"

"மூணு வாரமா. டிரைவரு நல்ல மனுசன். இந்த எடத்துல மட்டும் மெள்ள உருட்டிக்கிட்டுப் போவாரு. போன வாரம் அவரைக்காய் ஒரு பை குடுத்தேன். வேண்டாம் வேண்டாம்னுட்டுத்தான் வாங்கிக்கிட்டாரு. நீதான் உள்ள திரையை இழுத்துக்கிட்டு உக்காந்திருப்பே. எத்தனை கூப்பாடு போட்டாலும் எட்டிப் பாக்கறதில்லை."

அது உண்மை. தூசிக்காக நான் திரையை இழுக்கவில்லை. அந்த வளைவு வரும்போது அம்மா ரோட்டில் நின்று கையை ஆட்டுவாள், வண்டியை நிறுத்துவாள், நாலு பேர் பார்க்க என் கையில் எதையாவது திணிப்பாள் என்று எனக்குத் தெரியும். காலில் சேறும் இடுப்பில் அரிவாளுமாக அவள் நிற்பதை டாக்டரம்மா பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். டாக்டரம்மா இல்லாத அன்றைக்கும் பழக்கத்தில் இழுத்துவிட்டேன்.

முடிச்சை அவிழ்த்துத் தாளை எடுத்துக் காட்டினேன். "போன சனிக்கிழமை இதுக்குள்ள கல்லு ஏதாச்சும் இருந்துதா?"

"பறக்காம இருக்கறதுக்கு ஓரத்துல எப்பவும் கல்லு வெப்போம். போன வாரம் நொம்பக் காத்து. நடுவுல எல்லாம் கெளப்பிக்கிட்டுப் போச்சு. அதனால ஒடஞ்ச திருகைக்கல்லைத் தூக்கியாந்து நடுவுல வெச்சேன்."

"நடு ரோட்டுலயா?"

"சக்கரம் படாத எடமாப் பார்த்துத்தான் வெச்சேன் சாமி. இந்தச் சக்கரத்துக்கும் அந்தச் சக்கரத்துக்கும் நடுவுல. நான் என்ன கூறு கெட்டவளா? ஜீப்பு அது மேலயே போச்சு, ஒண்ணும் ஆவலை. பின்னாடி பெட்டி வரும்போதுதான் ஏதோ சத்தம் கேட்டுது. டிரைவரு எறங்கிப் பார்த்தாரு. ஒண்ணுமில்லைங்கம்மா, கல்லை மட்டும் அக்கட்டால எடுத்துப் போடுங்கன்னாரு. நானும் அவரும் உருட்டி ஓரத்துல தள்ளுனோம்."

ஓரத்தில் அது கிடந்தது. வட்டத் திருகையின் பாதி. மேல் விளிம்பில் வெள்ளி நிறத்தில் ஒரு கோடு இழுபட்டிருந்தது. விரலால் தேய்த்தேன். எங்கள் வண்டியின் தகடுதான்.

சக்கரத்தைப் பற்றி அம்மா சரியாகவே யோசித்திருந்தாள். மாட்டு வண்டிக்கு வயிறு உயரத்தில் இருக்கும். ஜீப்புக்கும் உயரத்தில் இருக்கும். ரோட்டுக்கு ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில் குழாயும் ஒயரும் பஞ்சும் அடைத்த வயிற்றோடு ஒரு வண்டி ஓடும் என்று அவள் எப்படி அறிவாள்? எனக்கே வியாழக்கிழமைதானே தெரிந்தது.

"என்னாச்சு சாமி? வண்டிக்கு ஏதாச்சும்?" என்றாள். இதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

"அடித்தகடு கிழிஞ்சிருச்சும்மா."

"உன்னையத் திட்டுனாங்களா?"

"இல்லை. டிரைவரை நிறுத்திட்டாங்க."

"அவரு என்ன பண்ணுனாரு?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, நாலு பக்கத்தில், நல்ல கையெழுத்தில். அம்மாவால் அதைப் படிக்க முடியாது என்று அன்று முதல் முறையாக நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அன்று இரவு எனக்குள் வேறு விதமான யோசனைகளும் ஓடின. ஒளித்துச் சொல்ல விரும்பவில்லை. ராகித் தாள் என்னிடம்தான் இருக்கிறது. திருகைக்கல்லைப் பள்ளத்தில் உருட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. டிரைவரும் சொல்லப்போவதில்லை. அவர் ஏன் சொல்லவில்லை என்பதை நல்லவிதமாக நினைக்க என் மனம் சுலபத்தில் இடம் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வண்டியை ஒருவர் வயலுக்காக ஓட்டி, அதற்குக் கைநீட்டிக் காய் வாங்கியது டாக்டரம்மாவுக்குத் தெரிந்தால் அவருக்கு ஆபத்து. அதனால்தான் மறைத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொண்டால் என் நாலு பக்கமும் ஏறக்குறைய உண்மையாகிவிடும். அந்த 'ஏறக்குறைய' என்னைத் தூங்கவிடவில்லை. அப்பாவிடம் காகிதத்தை நீட்டியவனும் ஏறக்குறைய உண்மையைத்தான் சொல்லியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து இரண்டாவது கடிதத்தை எழுதினேன். இந்த முறை ஒரு பக்கம்தான் வந்தது. ராகி எங்களுடையது. கல் எங்களுடையது. அதை வைத்தவர் என் தாயார். டிரைவர் அங்கே மெதுவாகத்தான் ஓட்டினார். தாளுக்கு அடியில் கல் இருந்தது அவருக்குத் தெரிய வழியில்லை. என் தாயாரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவர் வேறு காரணம் சொல்லியிருக்கக்கூடும். நான் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்ததால் எதையும் பார்க்கவில்லை, பார்க்காததைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வண்டியில் வரக்கூடாதவர் ஒருவர் இருந்தால் அது டிரைவர் அல்ல. எழுதியதை அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "என்ற பேரையும் போட்டுரு சாமி, அவங்களுக்கு வெளங்கோணும்ல" என்றாள்.

திங்கட்கிழமை பனி விலகவில்லை. பட்டறையில் வண்டி அப்படியே கட்டைகள்மேல் நின்றது. பலகையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. குத்துப்பட்ட துண்டை மெக்கானிக் சதுரமாக அறுத்தெடுத்துவிட்டு, வேறு பலகையை அளவாக வெட்டி, பசை தடவித் திருகியிருந்தார். குழாய்க்குப் புது இணைப்பு. ஒயரை ஒரு ரப்பர்க் குழாய்க்குள் விட்டு உயரத்தில் தூக்கிக் கட்டியிருந்தார். லாரித் தகரத்தைக் காணவில்லை. சேலத்திலிருந்து வரவழைத்த அலுமினியத் தகடு சுவரில் சாய்ந்திருந்தது.

"என்னங்க ரைட்டரம்மா, புஸ்தகத்துல போட்டிருக்கற மாதிரி இருக்குதுங்களா?" என்றார் மெக்கானிக். கேலிதான். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

"விளிம்புல தண்ணி போவாம என்ன வெப்பீங்க?"

"ரப்பர் பட்டை. அதுக்கு மேல தார்."

"சரிங்க."

தகடு பெரியது. ஒருவர் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் துளை போட வேண்டும். மெக்கானிக் ரிவெட்டுகளை எண்ணிக்கொண்டு வெளியே நின்றார். டிரைவர் வழக்கம்போல் வந்திருந்தார். யாரும் கேட்காமலேயே துளைபோடும் மிஷினை எடுத்துக்கொண்டு ஒரு பக்கமாக அடியில் போனார். நான் மறுபக்கமாகப் போனேன். இருவரும் மல்லாந்து படுத்து, நெஞ்சுக்கு மேலே தகட்டை ஏந்திக்கொண்டோம். பக்கத்தில் அவர் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"ஊருக்குப் போயிருந்தேங்கண்ணா" என்றேன்.

அவர் மிஷினை ஓட்டவில்லை. "ராகி உதிர்ந்துச்சா?" என்றார்.

"ஏன் சொல்லலைங்க?"

"சொன்னா யாரு தலையில விழும்? உங்கம்மா தலையில. அப்புறம் உன்ற தலையில. நானு அம்பது தாண்டுன ஆளு. இது இல்லீன்னா எஸ்டேட் லாரி." தகட்டை ஓர் அங்குலம் அவர் பக்கம் இழுத்தார். "அவரைக்காயும் தின்னுட்டேன்ல. அதை எப்பிடிச் சொல்றது?"

அவர் சொன்னதில் எது முதல் காரணம், எது இரண்டாவது என்று நான் அப்போதும் எடைபோட்டுக்கொண்டுதான் இருந்தேன். குணம் ஒரே வாரத்தில் மாறிவிடாது. கை வலித்தது. தகடு நழுவாமல் முழங்காலால் முட்டுக் கொடுத்தேன்.

"காலையில டாக்டரம்மா ஊட்டுக்குப் போயிட்டுத்தான் இங்க வந்தேன்" என்றேன். "கடுதாசியை அவங்க கையிலயே குடுத்தாச்சு."

"எந்தக் கடுதாசி? அதான் போன வாரமே குடுத்தியே."

"இது வேற. நீங்க துளையைப் போடுங்க."